சந்தனமாரியின் பிடி

சந்தனமாரி கை வைத்தால் வண்டி நின்றுவிடும் என்பது தேரிப்பட்டினத்தில் முதலில் வெறும் கேலிப் பேச்சாகத்தான் கிளம்பியது. அவள் அந்த ஊர்த் தீயணைப்பு நிலையத்தில் வேலை பார்த்தாள். வாட்டசாட்டமான ஆள். அவள் சிரித்தால் நிலையத்துக்கு அடுத்திருந்த ஐஸ் கம்பெனி வரைக்கும் கேட்கும். ஒருநாள் காலை தன் ஸ்கூட்டரில் ஏறி உட்கார்ந்து கைப்பிடியைத் திருகினாள். வண்டி அசையவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் வந்து திருகினார், உடனே கிளம்பியது. மறுபடி அவள் பிடித்தாள், மறுபடி நின்றது. பக்கத்து வீட்டுக்காரருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அவளும் சேர்ந்து சிரித்துவிட்டு நிலையத்துக்கு நடந்தே போனாள்.

அந்த ஊரில் ஸ்கூட்டர், மிக்ஸி, மீன்பிடி வள்ளம், கோயில் ஒலிபெருக்கி என்று எல்லாமே செங்கல்லில்தான் ஓடின. செங்கல் என்றால் பேட்டரி. அளவிலும் கனத்திலும் சூளைச் செங்கல் மாதிரியே இருந்ததால் சனங்கள் வைத்த பெயர் அது; தயாரித்த கம்பெனி வைத்த பெயரை ஒருவரும் வாயால் சொன்னதில்லை. மேலே ஒரு கைப்பிடி இருக்கும். ஸ்கூட்டரிலிருந்து உருவி மிக்ஸியில் சொருகலாம், மிக்ஸியிலிருந்து உருவி வள்ளத்தில் சொருகலாம். தீர்ந்துபோனால் தெருமுனைக் கூண்டில் வைத்துவிட்டு, அங்கே சார்ஜ் ஏற்றி வைத்திருக்கும் வேறொன்றை எடுத்துக்கொண்டு வரலாம்.

ஒரு காலத்தில் இப்படிப்பட்ட பேட்டரிகள் வெடித்து நிறைய வீடுகள் எரிந்திருக்கின்றன. அதற்கப்புறம்தான் செங்கல்லுக்கு ஞாபகம் கொடுத்தார்கள். தனக்கு என்னென்ன நேர்ந்தது, யார் எப்படிக் கையாண்டார்கள் என்பதை ஒவ்வொரு செங்கல்லும் நினைவில் வைத்துக்கொள்ளும். கூண்டில் சார்ஜ் ஏறும்போது மற்றச் செங்கற்களோடு அதைப் பகிர்ந்துகொள்ளும். உப்புக்காற்று உள்ளே புகுந்த ஒரு செங்கல் உப்பி வீணாய்ப் போனால், அதற்கு முன்னால் அதற்கு என்ன நடந்தது என்பது மற்ற எல்லாவற்றுக்கும் தெரிந்துவிடும். அடுத்த முறை அப்படி நேரப்போகிறது என்றால் முன்கூட்டியே கீச்சிடும். திருட்டைத் தடுக்க உணரியும் வைத்திருந்தார்கள்: செங்கல்லின் கைப்பிடியில் இருந்த உணரி தூக்குகிற ஆளின் பிடியை ஞாபகத்தில் ஏற்றும், சாமான்களில் இருந்தது தொடுகிற பிடியை அதோடு ஒத்துப் பார்க்க மட்டும் செய்யும். விரல்கள் எங்கே எவ்வளவு அழுத்துகின்றன என்பதை வைத்து அது ஆளை அடையாளம் காணும். கையுறை போட்டாலும் பிடி மாறாது.

சந்தனமாரிக்குப் பேட்டரிப் பிரிவில் வேலை. எங்காவது செங்கல் கீச்சிட்டால் முதலில் போய் நிற்பவள் அவள்தான். தடித்த உடுப்பும் முகக்கவசமும் மாட்டிக்கொண்டு, வளையல் மோதிரமெல்லாம் கழற்றி வைத்துவிட்டு, சூடான செங்கல்லைத் தூக்கித் தண்ணீர்த் தொட்டியில் அமிழ்த்தி, ஊருக்கு வெளியே தேரி என்கிற செம்மணல் மேட்டில் வெட்டிய குழிக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பாள். ஊரில் செங்கல் வெடித்து ஒரு வீடு எரிந்து வெகுகாலம் ஆகியிருந்தது.

ஸ்கூட்டருக்கு அப்புறம் மிக்ஸி நின்றது. பிறகு கைமின்விசிறி. விரலளவுச் செங்கல்லில் ஓடிய செல்பேசியும் அவள் தொட்டதும் தானாக அணைந்தது. சுவரில் சொருகி ஓட்டுகிற பழைய சாமான்கள் மட்டும் அவள் சொன்னபடி கேட்டன. அவள் அசரவில்லை. சைக்கிள் ஒன்று வாங்கினாள். அம்மியைத் தேடிப் பிடித்து வந்து சட்னி அரைத்தாள். கடைத்தெருவில் அவள் வருவதைப் பார்த்தால் வியாபாரிகள் தராசை உள்ளே இழுத்து வைத்துக்கொண்டு, சிரித்தபடி தூரத்திலிருந்தே விலை சொன்னார்கள். அவளும் தூரத்தில் நின்றே பேரம் பேசினாள்.

இந்தச் சமயத்தில்தான் அவளுக்குச் செண்பகராமனோடு கல்யாணம் பேசி முடித்தார்கள். அவன் மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசிப்பவன். சுற்று வட்டாரத்தில் எந்தக் கோயிலில் கொடைத் திருவிழா என்றாலும் அவன் குழு இருக்கும். ஒல்லியான, நிதானமான ஆள். பெண் பார்க்க வந்தபோது, தொட்டால் கீபோர்டு அணைந்துவிடும் என்று சந்தனமாரியே முந்திக்கொண்டு சொல்லிவிட்டாள். தன் குழுவில் பாடுகிறவர் ராகத்தைக் கொல்வதைத் தடுக்க அப்படி ஒரு ஆள் தேவைதான் என்றான் அவன். அந்த இடத்திலேயே அவளுக்கு அவனைப் பிடித்துப்போயிற்று.

அவனுடைய அப்பா வைகுண்டத்துக்கு இதயம் பலவீனம். நெஞ்சுக்குள் ஒரு சின்ன பம்பு வைத்து ரத்தம் ஓட உதவி செய்திருந்தார்கள். அதற்கு மின்சாரம் கொடுப்பது இடுப்புப் பட்டையில் மாட்டியிருந்த பாதி அளவுச் செங்கல். உப்பளத்தில் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்ற மனிதர். அந்தப் பட்டை அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. அதன் மேல் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஊர் முழுக்கச் சுற்றுவார்.

நிச்சயதார்த்தத்தன்று அவர் தாம்பூலத் தட்டை வாங்க எழுந்தபோது பாய் விளிம்பில் கால் தடுக்கியது. பக்கத்தில் இருந்தவள் சந்தனமாரி. விழுகிறவரைத் தாங்கிப் பழகிய கை அவளுடையது. யோசிக்காமல் இடுப்பில் கைகொடுத்துப் பிடித்தாள். பட்டை கீச்சிட்டது. அடுத்த கணம் அதன் பச்சை விளக்கு அணைந்தது.

வைகுண்டத்தின் முகம் வெளுத்தது. செண்பகராமன் ஓடிவந்து அவளை விலக்கிவிட்டு, பையிலிருந்த மாற்றுச் செங்கல்லைப் பொருத்தினான். பம்பு மறுபடி முனக ஆரம்பித்தது. சற்று நேரத்தில் கிழவர் எழுந்து உட்கார்ந்து, வடை ஆறிவிடும் என்று எல்லோரையும் பந்திக்கு விரட்டினார். ஆனால் சந்தனமாரி பந்தியில் உட்காரவில்லை. பின்கட்டுக்குப் போய்த் தன் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டு நின்றாள்.

இந்தக் கல்யாணம் வேண்டாம் என்று மறுநாள் செண்பகராமனிடம் சொல்லிவிட்டாள். மாமனாருக்கு ஒரு மாத்திரை எடுத்துக் கொடுக்கவும், தடுமாறினால் பிடிக்கவும் முடியாத மருமகள் அந்த வீட்டில் எதற்கு என்று கேட்டாள். அவன் வாதாடவில்லை. செங்கல் செய்கிற கம்பெனிக்குப் புகார் அனுப்பினான். பதில் வராததால் நேரே போய் உட்கார்ந்தான். அங்கிருந்து ஜைனம்பு என்ற இளம் பொறியாளரைக் கையோடு அழைத்து வந்தபோது அவன் முகத்தில் தாடி முளைத்திருந்தது.

ஜைனம்பு பக்கத்து ஊரான காயலில் பிறந்து வளர்ந்த பெண். வந்ததும் தெருமுனைக் கூண்டைத் திறந்து அதன் முன்னால் உட்கார்ந்தவள் மதியச் சாப்பாட்டுக்குக்கூட எழுந்திருக்கவில்லை. பிறகு தீயணைப்பு நிலையத்துக்கு வந்தாள். நிலைய அலுவலர் தேவசகாயமும் சந்தனமாரியும் செண்பகராமனும் அங்கே காத்திருந்தார்கள்.

"அதுகளுக்கு உங்க மேல கோபம் எதுவும் இல்லக்கா," என்றாள் ஜைனம்பு. "பயம்."

"நான் அதுகளுக்கு என்ன செஞ்சேன்?"

"நல்லா இருக்குற செங்கல்ல நீங்க கடைசியா எப்போ தூக்குனீங்க?"

சந்தனமாரி யோசித்தாள். வீட்டில் அம்மா இருந்தவரை கூண்டுக்குப் போய் வந்தது அம்மாதான். அம்மா திருச்செந்தூரில் தங்கை வீட்டுக்குப் போன பிறகு பக்கத்து வீட்டுக்காரர் மாற்றிக் கொடுத்துவிடுவார். அவள் கைப்பிடியைப் பிடித்துத் தூக்கியதெல்லாம் வேலை நேரத்தில், சாகப்போகிற செங்கற்களை மட்டும்தான்.

"அதான்," என்றாள் ஜைனம்பு. "ஒவ்வொரு செங்கல்லும் சாகுறதுக்கு முன்னாடி கடைசியா ஒரு சேதி அனுப்பும். என்ன சூடு, எந்த இடம், யார் பிடிச்சிருந்தாங்கன்னு. அத்தனை சேதியிலயும் உங்க பிடிதான் இருக்கு. நீங்க காப்பாத்தப் போனீங்கன்னு அதுகளுக்குத் தெரியாது. இந்தப் பிடி வந்தா சாவு வருதுன்னு மட்டும் தெரியும். நீங்க தூக்குனதுல ஒண்ணுகூடத் திரும்பி வந்து கூண்டுல பேசினதில்ல."

தேவசகாயம் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். முப்பது வருடம் நெருப்போடு மல்லுக்கட்டிய மனிதர் அவர். ஊரைக் காப்பாற்றியதற்கு இப்படி ஒரு கூலியா என்று முணுமுணுத்தார்.

அவள் பெயரை மட்டும் அழித்துவிட முடியாதா என்று செண்பகராமன் கேட்டான். சாம்பாரில் கரைந்த உப்பைத் தனியாக எடுப்பது மாதிரி அது என்றாள் ஜைனம்பு. எந்தச் செங்கல்லிலும் அது ஒரு வரியாக எழுதப்பட்டிருக்கவில்லை. எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்திருந்தது. வேண்டுமானால் இந்த வட்டாரத்துச் செங்கற்களின் ஞாபகம் முழுவதையும் துடைக்கலாம். கம்பெனி அதற்குச் சம்மதித்துவிட்டது. ஒரு உயிர் போகப் பார்த்த விஷயம் என்பதால் அவர்களுக்கும் உள்ளூரப் பயம் இருந்தது.

"துடைச்சா?" என்று கேட்டாள் சந்தனமாரி.

"எல்லாம் பச்சைக் குழந்தை மாதிரி ஆயிடும். மறுபடி கத்துக்கிட ஒரு காத்துக்காலம் ஆகும். அதுவரைக்கும் எதுவும் கீச்சிடாது."

காற்றுக்காலம் தொடங்கியிருந்தது. தென்மேற்கிலிருந்து அடித்த காற்று தேரியின் செம்மணலையும் உப்பளத்து ஈரத்தையும் அள்ளி வந்து ஊரின் மேல் கொட்டிக்கொண்டிருந்தது. செங்கற்கள் அதிகமாகக் கீச்சிடுகிற பருவமே அதுதான். சந்தனமாரி சன்னலுக்கு வெளியே பார்த்தாள். மீன் விற்கிற ஒருத்தி ஸ்கூட்டரின் முன்னால் கூடையையும் பின்னால் பிள்ளையையும் வைத்துக்கொண்டு போனாள். அந்தப் பிள்ளைக்குக் கீழே ஒரு செங்கல் இருந்தது.

"வேண்டாம்," என்றாள்.

அவசரப்பட்டுச் சொல்லாதே என்றார் தேவசகாயம். அவள் தலையாட்டினாள்.

"இல்ல ஸார். எனக்குச் சைக்கிள் இருக்கு. அந்தப் பிள்ளைக்கு என்ன இருக்கு?"

செண்பகராமன் மேசைமேல் விரல்களால் எதையோ வாசித்துக்கொண்டிருந்தான். யோசிக்கும்போது அது அவன் பழக்கம்.

"அப்போ ஒண்ணே ஒண்ணு பிழைச்சு வந்தா என்ன ஆகும்?" என்று கேட்டான்.

ஜைனம்பு அவனைத் திரும்பிப் பார்த்தாள். நல்ல செங்கல் ஒன்றைச் சந்தனமாரி கையில் கொடுத்துப் பார்ப்பதில் பிரயோசனம் இல்லை என்று முதலில் விளக்கினாள். பிடி தெரிந்ததுமே அது பயந்து அணைந்துவிடும். பிறகு, அணைந்ததால்தான் தப்பித்தோம் என்று மற்றவற்றிடம் சொல்லும். பயம் இன்னும் கூடத்தான் செய்யும். ஆனால் உண்மையிலேயே ஆபத்தில் இருக்கிற ஒரு செங்கல், இவள் பிடியில் இருக்கும்போதே சூடு தணிந்து, பிழைத்து, கூண்டுக்குத் திரும்பினால் கதை வேறு. அப்படி ஒரு சாட்சி அந்தக் கூட்டத்துக்குள் இதுவரை போனதே இல்லை.

ஆனால் சூடான செங்கல்லை யாரும் காப்பாற்றுவது கிடையாது. முழுதாகத் தண்ணீரில் முக்கிக் கொன்றுவிடுவதுதான் விதி. காப்பாற்ற வேண்டுமென்றால் கழுத்துவரை மட்டும் நல்ல தண்ணீரில் நிறுத்தி, மேலே இருக்கும் மின்முனைகள் நனையாமல், சூடு இறங்குகிற வரைக்கும் ஒருவர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டே நிற்க வேண்டும்.

தேவசகாயம் முதலில் முடியவே முடியாது என்றார். பிறகு ஒரு நாள் முழுக்க யோசித்துவிட்டு நிபந்தனைகளோடு சம்மதித்தார். உப்பியிருந்தால் தொடக்கூடாது. இனிப்பு வாடை வந்தாலும், உஸ்ஸென்று சத்தம் கேட்டாலும் கூடாது. உறையில் கீறல் இருக்கக் கூடாது. சூடு சூட்டுமானியின் சிவப்புக் கோட்டைத் தாண்டினால் அந்த நொடியே கையை விட்டுத் தொட்டியில் முழுதாக விழவைத்துவிட்டு ஓட வேண்டும். முழு உடுப்பும் கேடயமும் இல்லாமல் கிட்டேயே போகக் கூடாது. இதில் ஒன்று தவறினாலும் அவளை நிலையத்தில் தொலைபேசி எடுக்கிற வேலைக்கு மாற்றிவிடுவதாகச் சொன்னார். செங்கல் தொலைபேசி என்றால் அதுவும் முடியாதே என்று அவள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை.

அப்படி ஒரு செங்கல் லேசில் வாய்க்கவில்லை. வந்தவையெல்லாம் உப்பியவை அல்லது கீறல் விழுந்தவை. ஒருவன் தேங்காய் உடைக்கச் செங்கல்லைப் பயன்படுத்தியிருந்தான். இன்னொரு வீட்டில் தலையணைக்கு அடியில் வைத்து ஏற்றியிருந்தார்கள். எல்லாவற்றையும் விதிப்படி முக்கிக் குழியில் சேர்த்தாள். ஒவ்வொன்றும் கடைசியாக அவளைப் பற்றி என்ன சொல்லிவிட்டுப் போயிருக்கும் என்ற எண்ணம் இப்போது கூடவே வந்தது.

ஆடிக் கொடையன்று மத்தியானம், கடற்கரை அம்மன் கோயில் பந்தலில் செண்பகராமனின் குழு வாசித்துக்கொண்டிருந்தது. கீபோர்டுக்கும் ஒலிபெருக்கிக்கும் மின்சாரம் தரும் செங்கற்களை மேடைக்கு அடியில் ஒரு பெட்டியில் வரிசையாக வைத்திருந்தார்கள். மணல் விழாமலிருக்க யாரோ பெட்டியின் மேல் கறுப்புத் தார்ப்பாயை இழுத்து மூடியிருந்தார்கள். காற்றோட்டம் அடைபட்டது; வெயிலும் நேரே விழுந்தது. மூன்றாவது பாட்டின் நடுவில் ஒன்று கீச்சிட ஆரம்பித்தது.

செண்பகராமன் வாசிப்பதை நிறுத்தினான். எல்லாக் கருவிகளின் இணைப்பையும் பிடுங்கச் சொன்னான். தார்ப்பாயைத் தள்ளிவிட்டு, பயப்படாமல் மெதுவாக நகர்ந்து காற்று வீசி வருகிற பக்கத்துக்குப் போகும்படி ஒலிபெருக்கியில்லாமல் கத்திச் சொன்னான். பாடுகிறவருக்கும் அன்று தொண்டை நன்றாக உதவியது. நிலைய வண்டி வருவதற்குள் பந்தல் காலியாகிவிட்டது. நாலைந்து பேர் மட்டும் கடலிலிருந்து வாளியில் தண்ணீர் அள்ளிக்கொண்டு ஓடிவந்தார்கள். சந்தனமாரி வண்டியிலிருந்து குதித்ததும் முதல் வேலையாக அவர்களைத் தடுத்தாள். உப்புத்தண்ணீர் உள்ளே போனால் மின்சாரம் கண்டபடி பாயும், நல்ல தண்ணீர் வண்டியில் இருக்கிறது என்று சொல்லி எல்லோரையும் கயிற்றுக்கு அப்பால் அனுப்பினாள்.

பெட்டியைக் குனிந்து பார்த்தாள். ஓரத்தில் இருந்த செங்கல்தான் கீச்சிட்டது. உப்பல் இல்லை, கீறல் இல்லை, வாடையும் சத்தமும் இல்லை. சூடு சிவப்புக் கோட்டுக்குக் கீழே, ஆனால் ஏறிக்கொண்டிருந்தது.

திரும்பித் தேவசகாயத்தைப் பார்த்தாள். அவர் தானும் ஒருமுறை வந்து பார்த்தார். மற்றச் செங்கற்களை ஆட்கள் தனித்தனியாக எடுத்துத் தூர வைத்த பிறகு, மெதுவாகத் தலையசைத்தார்.

அவள் பிடித்தாள். செங்கல் கீச்சென்று அலறித் தன்னை முழுதாக அணைத்துக்கொண்டது. அணைந்ததும் நல்லதற்குத்தான், உள்ளே மின்சாரம் ஓடுவது நின்றது. அதைக் கழுத்தளவு தண்ணீரில் நிறுத்தி, கேடயத்துக்குப் பின்னாலிருந்து கையை மட்டும் நீட்டிப் பிடித்துக்கொண்டு குந்தினாள். தேவசகாயம் தூரத்திலிருந்து சூட்டுமானியைப் படித்துச் சொன்னார். ஏறியது. பின் கொஞ்சம் ஏறியது. கோட்டைத் தொடப்போகிற மாதிரி போய் அங்கேயே நின்றது.

முகக்கவசத்துக்குள் வியர்வை கண்ணில் இறங்கியது. துடைக்க முடியவில்லை. விரல்களை ஒரே அழுத்தத்தில் வைத்திருந்தாள். செங்கல்லின் நடுக்கமா தன் நாடியா என்று தெரியாமல் உள்ளங்கையில் ஏதோ துடித்தது. உனக்கு ஒன்றும் ஆகாது என்று மனசுக்குள் சொன்னாள். தீ பிடித்த வீட்டிலிருந்து ஒரு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு படி இறங்கும்போது சொல்வாளே, அதே குரலில். பேட்டரியிடம் பேசுகிறோமே என்று அப்போது தோன்றவில்லை.

"எறங்குதும்மா," என்றார் தேவசகாயம். "எறங்குது. விட்டுராத."

வெயில் சாய்ந்து பந்தல் நிழல் அவள் மேல் வந்து விழும்வரை அவள் விடவில்லை. செண்பகராமன் கயிற்றுக்கு அப்பால் அசையாமல் நின்றான். அவனுக்குப் பின்னால் ஊரே நின்றது.

அந்தச் செங்கல்லை அவர்கள் குழிக்குக் கொண்டுபோகவில்லை. நிலையத்தின் பின்னால் திறந்தவெளியில், பற்றி எரிகிற சாமான் எதுவும் பக்கத்தில் இல்லாத சிமெண்டுத் தரையில், மணல் அணைத்து வைத்தார்கள். ஜைனம்பு பல்புகளைக் கோத்து அதனுள் இருந்த மின்சாரத்தை மெதுவாக வடியவிட்டாள். பிறகு சொட்டுச் சொட்டாக ஏற்றினாள், மறுபடி வடித்தாள். சூடு வரவில்லை. உள்ளே எந்தக் காயமும் இல்லை என்பது உறுதியான பிறகே அதைத் தெருமுனைக் கூண்டில் கொண்டுபோய் வைத்தாள். மற்றச் செங்கற்களின் விளக்குகள் வழக்கம்போல மினுங்கின. வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு வேறெதுவும் தெரியவில்லை.

இரண்டு மூன்று நாள் பொறுத்து ஸ்கூட்டரைத் தொட்டுப் பாருங்கள், அவசரப்பட்டு வேறெதையும் தொட வேண்டாம் என்று சொல்லியிருந்தாள். ஆனால் வைகுண்டம் பொறுக்கிற ஆள் இல்லை. மறுநாள் காலையே மாற்றுச் செங்கல் இருந்த பையோடு மகனை அழைத்துக்கொண்டு சந்தனமாரி வீட்டு வாசலில் வந்து நின்றார். அவள் தாழ்வாரத்தின் மறுகோடிக்குப் போய்ச் சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

"மாமா, கிட்ட வராதீய. பொறியாளரம்மா இன்னும் சொல்லல."

"அந்தப் பிள்ளை ஸ்கூட்டரத்தான் சொல்லிச்சு. நான் ஸ்கூட்டரா?"

"வெளையாடாதீய மாமா. எனக்குப் பயமா இருக்கு."

"எனக்கும்தான் இருக்கு தாயி," என்றார் கிழவர். "ஆனா நீ பிடிச்சிட்டு இருந்தத நானும் கயித்துக்கு அந்தப் பக்கம் நின்னு பாத்தேன். அதுக்கப்புறம் எனக்கு ஒன் கை மேல ஒரு சந்தேகமும் இல்ல."

சொல்லிக்கொண்டே வந்து அவள் கையைப் பற்றித் தன் இடுப்புப் பட்டையில் வைத்தார். செண்பகராமன் பையின் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு மூச்சை அடக்கினான்.

பட்டை கீச்சிடவில்லை. பச்சை விளக்கு ஒருமுறை மங்கி, தயங்கினாற்போல நின்று, பழையபடி எரிந்தது. பம்பின் முனகல் அவள் விரல்களுக்கு அடியில் ஒரே சீராக ஓடியது. சந்தனமாரி கையை எடுக்காமல் அழுதாள். அழுகைக்கு நடுவிலேயே சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பு ஐஸ் கம்பெனி வரைக்கும் கேட்டிருக்கும். செய்தி கேட்டு ஓடிவந்த ஜைனம்பு மாமனார், மகன், மருமகள் மூன்று பேரையும் வரிசையாக நிற்க வைத்துத் திட்டினாள். திட்டி முடித்துவிட்டு அவளும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஆவணியில் கல்யாணம் நடந்தது. தாலி கட்டி முடிந்து, பந்தியில் இலை போட்டுக்கொண்டிருந்தார்கள். மணமேடையில் சந்தனமாரி கூட்டத்தோடு படம் எடுத்துக்கொண்டிருந்தபோது மண்டப வாசலில் சலசலப்பு கேட்டது. உப்பளத்திலிருந்து மூட்டை ஏற்றிக்கொண்டு துறைமுகத்துக்குப் போகிற ஆளில்லா வண்டி ஒன்று, தன் தடத்தை விட்டு விலகி, கடைத்தெரு வழியாக வந்து, வாழைமரம் கட்டிய வாசலுக்குள் நுழைந்திருந்தது. ஒருவர் மேலும் இடிக்காமல் கூட்டத்துக்குள் வழி கேட்டுக் கேட்டு ஊர்ந்து வந்து, மேடைக்குச் சற்றுத் தள்ளி நின்றது. மிகச் சன்னமாகக் கீச்சிட்டது.

யார் இதை வரச்சொன்னது என்று ஜைனம்பு பதறிப்போய்த் தன் கைக்கணினியைத் தட்டினாள். யாரும் சொல்லவில்லை. வண்டியின் செங்கல்லில் லேசாகச் சூடு ஏற ஆரம்பித்திருந்தது. சிவப்புக் கோடு இன்னும் தூரத்தில் இருந்தது. வழக்கமாக அந்த நிலையில் வண்டி தன் தடத்திலேயே நின்று ஆளுக்காகக் கீச்சிட வேண்டும். இது அங்கே நிற்கவில்லை. அவள் தலையை உயர்த்தி மணப்பெண்ணைப் பார்த்தாள்.

"அக்கா," என்றாள் மெதுவாக. "அது உங்களத் தேடி வந்திருக்கு."

சந்தனமாரி ஒரு கணம் அந்த வண்டியையே பார்த்தாள். பிறகு மாலையைக் கழற்றிப் புருஷன் கையில் கொடுத்தாள். வளையல்களையும் மோதிரத்தையும் கழற்றி மாமனாரிடம் ஒப்படைத்தாள். உடுப்பும் கையுறையும் நிலைய வண்டியில் இருக்கின்றன என்று பந்தியிலிருந்து பாதிச் சாப்பாட்டில் எழுந்த தேவசகாயம் சொன்னார். கூட்டத்தை ஒதுக்கி வண்டியை வெளி முற்றத்துக்கு நகர்த்தும் வேலையை அவரே எடுத்துக்கொண்டார். செண்பகராமன் பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, நல்ல தண்ணீர் எங்கே இருக்கிறது என்று சமையல்காரரிடம் கேட்கப் போனான்.

உடுப்பு மாட்டிக்கொண்டு அவள் முற்றத்துக்கு வந்தபோது, தெருக்கோடியில் இன்னொரு வண்டி திரும்பிக்கொண்டிருந்தது. பக்கத்து ஊர்க் கூண்டின் அடையாளம் போட்ட வண்டி. முதல் வண்டி நிற்பதைப் பார்த்ததும் அது வேகத்தைக் குறைத்து, அதற்குப் பின்னால் வந்து, மரியாதையான இடைவெளி விட்டு நின்றுகொண்டது.